இறங்காமல் இருக்கப் பழகுதல்

1

காரை ஒழுங்காக ஓட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தி, பிறகு காரை விட்டு இறங்கியதற்காகச் சாரதிப் பரீட்சையில் தோற்ற ஆள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை நான் அதிகம் பேருக்குச் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் விசாரித்தவர்களுக்கெல்லாம், பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதில் பிழைத்துப்போனது என்று சொல்லி வைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மெல்லுவதற்கு நானே ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான குருநகர் போய் வந்த பிறகுதான் உண்மையை எழுதலாம் என்ற எண்ணம் வந்தது. ஊரில் இருக்கும் நீங்கள் வாசித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. உங்களில் சிலருக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன்.

நான் இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. லண்டனுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டணம். கார் ஓட்டப் பழக வேண்டிய தேவை வந்ததில்லை. என் கணவர் அன்ரன் சாமான் விநியோகிக்கும் வான் ஓட்டினார், வீட்டுக் காரையும் அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்து, மெல்லப் போகும்படி சொல்லும் வேலையை மட்டும் செய்தேன். போன மாரிகாலத்தில் ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையோடு குசினியில் அடுப்போரமாக விழுந்தார். வலிப்பு என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், லைசென்ஸைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதோடு வான் வேலையும் போயிற்று.

நான் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கழுவி, உடுத்தி, சாப்பாடு கொடுக்கும் வேலை செய்கிறவள். பஸ்ஸிலும் கால்நடையிலும் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீடுகளைப் பட்டணத்துக்கு வெளியே இருக்கும் கிராமங்களுக்கு மாற்றினார்கள். அங்கே பஸ் இல்லை. ஜூன் கடைசிக்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால் என்னை வைத்திருக்க முடியாது என்று மேற்பார்வையாளப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னாலும் ஜூன் ஜூன்தான். எங்கள் வீட்டில் அப்போது உழைக்கிற ஆள் நான் மட்டும்.

2

என்னைப் பழக்கியவர் குகன் என்ற பண்டத்தரிப்புக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர், அதனால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. மாசி மாதத்துப் பரீட்சைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் கை நல்ல நிதானம் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பு அறையில் இருந்துகொண்டார்.

முதல் இருபது நிமிடமும் நன்றாகவே போனது. பரீட்சகர் அதிகம் பேசாத மனிதர். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று சொல்லுவார், பிறகு மடியில் இருந்த கருவியைப் பார்ப்பார். வாகனம் இங்கேயும் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறது, அது எனக்குப் பெரிய உதவி.

ஒரு வளைவு வந்தது. வளைவுக்கு அப்பால் வீதியின் ஒரு பாதியை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தார்கள். நடு வீதியில் ஒரு மனிதன் நின்றான். மஞ்சள் மேற்சட்டை, கையில் எங்கள் பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகை, தோளில் வோக்கி டோக்கி. எங்களைக் கண்டதும் மற்றக் கையை உயர்த்தினான்.

நான் நிறுத்தினேன். கைப்பிறேக்கை இழுத்தேன். அதுவரை சரி. அதன் பிறகு நடந்ததை நான் செய்ததாக எனக்கு நினைவில்லை, பார்த்ததாகத்தான் நினைவு இருக்கிறது. என் கை பெல்ற்றைக் கழற்றியது. பக்கத்தில் கிடந்த கைப்பையில் இருந்து பழகுநர் லைசென்ஸ் அட்டையை எடுத்தது. கதவு திறந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நான் நடு வீதியில் இறங்கி, அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அந்த மனிதனை நோக்கி நடந்தேன்.

அவன் மரியாதையானவன். பலகையைப் பிடித்துக்கொண்டே, உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டான். அவனுடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். மூக்கில் சளி வடிய, குளிரில் சிவந்துபோன ஒரு பெடியன். பின்னால் நின்ற காரில் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பரீட்சகர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

திரும்பி வந்து இருந்தேன். கிளட்சை ஒரேயடியாக விட்டதில் கார் துள்ளியது. கிட்டிய வழியால் பரீட்சை நிலையத்துக்குத் திரும்பச் சொன்னார். முடிவைச் சொல்லும்போது, ஏன் இறங்கினீர்கள் என்று அவர் கேட்டார். நான் அட்டையைக் கைப்பைக்குள் வைத்தேன். மின்னஞ்சலில் வந்த அறிக்கையில் கண்ணாடி பார்த்தல், சமிக்ஞை கொடுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரி இருந்தது. காரை விட்டு இறங்கி அடையாள அட்டை காட்டுவதற்கு ஒரு வரி இல்லை. வேறு ஏதோ ஒரு வரிக்குள் என்னைத் திணித்து, பாரதூரமான பிழை என்று போட்டிருந்தார்கள்.

3

வீடு திரும்பும் வழியில் குகன் தம்பிக்குச் சொன்னேன். அவருக்குச் சொல்லாமல் தப்ப முடியாது, பரீட்சகர் அவருடனும் கதைத்திருந்தார். காரை ஒரு ஓரமாக நிறுத்தினார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சென்றி எண்டு நினைச்சிட்டீங்கள் என்னக்கா?" என்றார்.

அதுவரை எனக்கே தெரியாத ஒன்றை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வீதிக்கு வீதி இராணுவக் காவலரண். அதை நாங்கள் சென்றி என்போம். பத்து யார் முன்னாலேயே பலகை இருக்கும். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ, இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியரும் இறங்குவார், மீன்காரனும் இறங்குவான். இறங்காமல் போனவன் கதை வேறு. பத்து வயதில் இருந்து அதைச் செய்தவர் குகன். இப்போதும் இருட்டில் ஒரு பொலிஸ் கார் பின்னால் வந்தால் தன் கை தானாகக் காரின் உள்விளக்கைப் போடும் என்றார். முகம் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். மனைவி பார்த்துச் சிரிப்பாளாம், அவள் கொழும்பில் வளர்ந்தவள்.

அவர் விளக்கைப் போட்டால் யாரும் அவரைப் பரீட்சையில் தோற்கடிக்கப் போவதில்லை என்று நான் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் காரை எடுத்து ஓட்டத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு காரைக் கண்டாலே பயம் பிடித்துக்கொண்டது. வகுப்புக்கு முதல்நாள் சாப்பாடு இறங்காது. மஞ்சள் மேற்சட்டை போட்ட ஆள் யார் தெரிந்தாலும், குப்பை அள்ளுகிறவனாக இருந்தாலும், என் இடக்கை பெல்ற்றின் பூட்டுக்குப் போகும். இரண்டு தரம் குகன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் தரம் நான் வகுப்பை நிறுத்தினேன்.

நடந்ததைச் சொன்னபோது அன்ரன், இதை விட்டிட்டு வேறை வேலை பாப்பம் என்றார். மருந்துப் போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு, தன்னால்தானே எல்லாம் என்ற முகத்தோடு சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மகள் ஷெரின் பதினேழு வயதில் முதல் தரத்திலேயே பாஸ் பண்ணியவள். புரட்டாதியில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாள், வீட்டில் இருப்பதே சாப்பிடவும் நித்திரை கொள்ளவும்தான். அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் கேட்டாள், பகிடியாகக்கூட இல்லை, அறியும் ஆசையில்தான் கேட்டாள்: யாராவது நடு வீதியில் காரை விட்டு இறங்குவார்களா? தகப்பனிடம் இருந்து எப்படியோ பிடுங்கியிருக்கிறாள்.

"உனக்குச் சொன்னா விளங்காது" என்றேன்.

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள். எனக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாததற்கு அவளைக் குற்றம் சொன்னேன். அது அன்றைக்கே எனக்குத் தெரிந்தும் இருந்தது.

4

சித்திரை கடைசியில் ஊருக்குப் போனேன். அண்ணை பலாலி விமான நிலையத்துக்கு வந்து ஏற்றினார். அவரிடம் ஒரு பட்டா இருக்கிறது, ஊரில் சின்ன லொறிக்கு அப்படித்தான் பெயர். விடியப்புறம் குருநகர்க் கரையில் மீன் ஏற்றிச் சுன்னாகம் சந்தைப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவது அவருடைய தொழில். நினைவுப் பூசை நன்றாக நடந்தது. அப்பாவோடு தோணியில் போனவர்கள் நாலு பேர் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். சாப்பாடு முடிந்த பிறகு, கால் வீங்கி வர முடியாமல் போன மாமிக்கு ஒரு சட்டியில் கறியும் சோறும் கட்டிக்கொண்டு நானும் அண்ணையும் அரியாலைக்கு வெளிக்கிட்டோம்.

அந்த வீதியில் ஒரு வளைவு இருக்கிறது. அதை உங்களில் யாருக்கும் சொல்லி அடையாளம் காட்ட முடியாது, இப்போது அதில் ஒரு கைபேசிக் கடையும் ஜூஸ் கடையும்தான் இருக்கின்றன. எனக்குப் பத்தொன்பது வயதில் அதில் சென்றி இருந்தது.

கார்த்திகை மழை. அப்பா சைக்கிள் மிதிக்கிறார், நான் பின் கரியரில். மாமி வீட்டுக்குத்தான் போகிறோம். காற்று முன்னால் இருந்து அடித்தபடியால் நான் குடையை அப்பாவின் தலைக்கு மேலால் முன்பக்கம் சரித்துப் பிடித்தேன். அவர் நனையக்கூடாது என்று பிடித்தேன். குடை அவருடைய கண்ணை மறைத்தது. இறங்கி நடக்கச் சொல்லும் பலகையை அவர் காணவில்லை. பலகையைத் தாண்டி இரண்டு சைக்கிள் நீளம் போய்விட்டோம். ஆமிக்காரன் கத்தும் சத்தம் கேட்டது, பிறகு துவக்கில் குண்டேற்ற இரும்பு இழுபடும் ஒலி.

அதன் பிறகு எனக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான். அப்பா சைக்கிளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறார். வலை இழுத்து உரமேறிய கைகள், அவை நடுங்குகின்றன. மழை விடும் மட்டும் அப்படியே நிற்க வைத்தார்கள். போகச் சொன்ன பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தார். அதைப் பற்றி அவர் சாகும் வரை என்னுடன் கதைக்கவில்லை. குடை பிடித்த கை என் கை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அந்த வளைவு வந்ததும் பட்டா மெதுவானது. முன்னால் ஒரு மாடு கூட இல்லை. அண்ணையின் கால் தானாகப் பிறேக்கில் இருந்தது. ஏன் மெதுவாக்கினீர்கள் என்று கேட்டேன். அவருக்கே அது தெரியவில்லை. வீதியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பழக்கம் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மடியில் கறிச்சட்டியை வைத்துக்கொண்டு, பரீட்சையில் நடந்ததையும் குடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிச் சொன்னேன். அண்ணை வண்டியை ஜூஸ் கடைக்கு முன்னால் நிறுத்தினார். கடைசி மட்டும் கேட்டார்.

"குடையோ? அப்பா குடையைப் பற்றி ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார்.

அப்பா அந்தக் கதையைக் கரையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாராம். பூசையில் முன்வரிசையில் இருந்த நாலு பேருக்கும் அது மனப்பாடமாம். எனக்கு முன்னால் மட்டும் சொல்லுவதில்லை, நான் அழுவேன் என்று.

"துவக்கை இழுத்த சத்தம் கேட்டவுடனை அப்பாவுக்குக் கை கால் விறைச்சுப் போச்சாம். சைக்கிளை நிப்பாட்டவே முடியேல்லையாம். நீதான் கரியராலை குதிச்சனி. ஐடென்ரிற்றிக் காட்டை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு நேரை ஆமிக்காரனுக்கு முன்னாலை போய் நிண்டனியாம். உன்னைக் கண்டாப் பிறகுதான் அவன் துவக்கைக் கீழை பதிச்சவன். என்ரை பிள்ளை அண்டைக்கு இறங்கியிராட்டி நான் இல்லை எண்டு அப்பா சொல்லுவார்."

நான் அவரைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இரண்டு கையாலுமா? நெஞ்சுக்கு நேரேயா? அப்பா அப்படித்தான் நடித்துக் காட்டுவார் என்று அண்ணை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தானும் காட்டினார். அந்தச் சிவப்புப் பலகைப் பெடியனுக்கு முன்னால் நான் நின்றது அச்சொட்டாக அப்படித்தான்.

மாமி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சோறு ஆறிவிட்டது. ஏன் சுணக்கம் என்று மாமி பேசினார். நான் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன்.

5

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஷெரினைக் குசினியில் பிடித்து வைத்துச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். சென்றி என்ற சொல்லுக்கே பத்து நிமிடம் போயிற்று. அவள் கைபேசியைத் தலைகீழாக வைத்துவிட்டுக் கேட்டாள், அது எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அம்மப்பா எவ்வளவு நேரம் சைக்கிளைத் தூக்கி வைத்திருந்தார் என்று. மழை விடும் மட்டும் என்றேன். அவள் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த பரீட்சைக்கு ஆவணி வரை இடம் இல்லை என்று கணினி சொன்னது. யாராவது விட்டுக்கொடுக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அன்று தொடங்கி ஷெரின் தினமும் காலையில் பல் தீட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். ஜூன் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்துத் தந்தாள்.

கதை தெரிந்துவிட்டதால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கைக்குக் கதை தெரியாது. மஞ்சள் மேற்சட்டையைக் கண்டால் அது பூட்டுக்குத்தான் போனது. ஆனால் முன்னைப் போல எனக்கு அதன்மேல் வெறுப்பு வரவில்லை. அப்பாவைக் காப்பாற்றிய கை, அதற்கு வேறு வேலை பழக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பை மறுபடி தொடங்கினேன். குகன் தம்பி பட்டணத்தைச் சுற்றி எங்கெல்லாம் வீதி வெட்டுகிறார்களோ அங்கெல்லாம் தேடித் தேடி என்னைக் கொண்டுபோனார். ஒவ்வொரு சிவப்புப் பலகைக்கும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நிறுத்தினன். கைப்பிறேக் இழுத்தன். இருக்கிறன். ஒரு பின்னேரத்தில் ஒரே பலகைக்கு ஆறு தரம் போனோம். பலகை பிடித்தவன் கடைசியில் எங்களுக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டான்.

6

செவ்வாய்க்கிழமை வேறொரு பரீட்சகர், ஒரு பெண். வீதித் திருத்தம் எதுவும் வரக்கூடாது என்று மன்றாடிக்கொண்டு ஓட்டினேன். வரவில்லை. அரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. முடிந்தது என்று நினைத்தபோது ஒரு பள்ளிக்கூடம் வந்தது.

வாகனங்களை மறித்துப் பிள்ளைகளைக் கடக்க விடும் வேலை செய்யும் அம்மா ஒருவர் வீதியில் இறங்கினார். கழுத்து முதல் கணுக்கால் வரை மஞ்சள் அங்கி. கையில் நீளத் தடியில் வட்டப் பலகை. அதைக் குத்தி நிறுத்திவிட்டு மற்றக் கையை எனக்கு நேரே உயர்த்தினார்.

நிறுத்தினேன். கைப்பிறேக்கை இழுத்தேன். இழுத்த கை அங்கே நிற்கவில்லை. பெல்ற்றின் பூட்டில் போய் இருந்தது. பெருவிரல் சிவப்புப் பொத்தானின் மேல். காதுக்குள் மழை கேட்டது, உண்மையாகவே கேட்டது, வெளியே நல்ல வெயில். பரீட்சகர் என் கையைப் பார்ப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. வாய்க்குள் சொன்னேன், அப்பா, துவக்கு இல்லை. இதுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கையைத் தூக்கினேன். ஒரு மூட்டை நெல்லைத் தூக்குவது போல் பாரமாக இருந்தது. ஸ்டியரிங்கில் வைத்தேன்.

"இருக்கிறன்" என்றேன். தமிழில், சத்தமாகவே வந்துவிட்டது.

பாஸ் என்றார்கள். ஒரே ஒரு சின்னப் பிழை: பிள்ளைகள் எல்லாரும் கடந்து, அந்த அம்மாவும் ஓரத்துக்குப் போன பிறகும், தேவைக்கு மேலாக நேரம் எடுத்து நின்றேனாம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். குகன் தம்பி காத்திருப்பு அறையில் எழும்பி நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலை கையைவிட்டுப் போகவில்லை. இப்போது ஐந்து கிராமங்களில் என் கார் நிற்பதைப் பார்க்கலாம்.

புரட்டாதியில் ஷெரினைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட நானே ஓட்டினேன். அன்ரன் பின் சீற்றில், அவளுடைய தலையணைகளுக்கும் சட்டிபானைக்கும் நடுவில் நித்திரை. அவள் முன்னால், காதில் பாட்டு. பாதி வழியில் ஒரு வளைவைத் தாண்டியதும் வீதி வெட்டியிருந்தது. மஞ்சள் மேற்சட்டை, சிவப்புப் பலகை.

நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தேன். அப்போது என் இடுப்போரம் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். ஷெரின் வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பாட்டைக்கூட நிறுத்தவில்லை. அவளுடைய வலக்கை என் பெல்ற்றின் பூட்டைப் பொத்திப் பிடித்திருந்தது.

"நான் இறங்கமாட்டன் பிள்ளை" என்றேன்.

"தெரியும்" என்றாள், தமிழில்.

பலகை பச்சைக்குத் திரும்பும் வரை அவள் கையை எடுக்கவில்லை.